மகனுக்கு எழுதிய மடல்கள்

கடித இலக்கியம் என்று தமிழில் நாம் வழங்கிவருவன பெரும்பாலும் கடிதத்தின் உடை உடுத்து வந்த கட்டுரைகளேயாகும். டாக்டர் மு. வரதராசனார் தம்பிக்கும் அன்னைக்கும் எழுதியவை அச்சேறுவதற்கென்றே எழுதப்பட்டவை. அறிஞர் அண்ணா தம் இதழில் தம்பிக்கு எழுதியவை பல்லாயிரம் தம்பியரை நோக்கியவை. பண்டித நேரு 1928-ஆம் ஆண்டுக் கோடையில், முசோரியில் இருந்த தம் மகள் இந்திராவுக்கு எழுதியவை மெய்யான கடிதங்களே எனினும், மறு ஆண்டே அவற்றை நூலாக்க இசைந்தவரும் அவரே. ஒருவர் மட்டுமே படிக்கவேண்டுமென்று எழுதப்பட்டு, எழுதியவர் மறைந்த பின்னர் அவரைக் கேளாமலேயே உலகின் கைக்கு வந்து சேர்ந்த மடல்கள் வேறோர் இனத்தைச் சேர்ந்தவை. புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்களைப் படித்தவர்கள் இந்த வேறுபாட்டை உணர்ந்திருப்பார்கள். அத்தகைய நூலைத் திறக்கும்போது பிறர் வீட்டுக் கதவைத் தட்டாமல் நுழைந்துவிட்டதுபோன்ற கூச்சம் நமக்கு ஏற்படவே செய்கிறது.

ஆங்கில மொழியில் இவ்வினத்தின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகவும், அதே அளவு பழிச்சொல்லுக்கு இலக்கானதாகவும் விளங்குவது, நான்காம் செஸ்டர்ஃபீல்டு பிரபு தம் மகன் பிலிப் ஸ்டான்ஹோப்புக்கு எழுதிய மடல்களின் தொகுதி. 1774-ல் வெளிவந்த அந்நூலைப் பொன்மொழிச் சுரங்கமாகக் கொண்டு அறிந்தவர் மிகப் பலர். முதல் மடலிலிருந்து கடைசி மடல் வரை தேதி வரிசையில் படித்தவர் மிகச் சிலரே. அவ்வாறு படித்தால் நடத்தைக் கையேடு ஒன்று நம் கண்முன்னே மெல்ல மெல்லக் கரைந்து, ஒரு தந்தையின் முப்பத்தோராண்டு காலத் துயரக் கதையாக மாறிவிடக் காண்கிறோம். அந்தக் கதையை விட்டுவிட்டுப் பொன்மொழிகளை மட்டும் பொறுக்கியவர்கள் நூலுக்கும் அநீதி செய்தார்கள், படிப்பவருக்கும் அநீதி செய்தார்கள் என்பதே என் துணிபு.

செஸ்டர்ஃபீல்டு 1694-ல் பிறந்தவர். பாராளுமன்றப் பேச்சாளர், அரசதந்திரி, நகைச்சுவையாளர், ஐரோப்பிய அவைகளில் இனிய நடத்தைக்கு இலக்கணமாகப் பேசப்பட்டவர். ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் தூதராக இருந்த காலத்தில், அங்கே வீட்டாசிரியையாகப் பணியாற்றிய து புஷே என்னும் பிரெஞ்சு மங்கையோடு கொண்ட தொடர்பில் 1732-ல் பிலிப் பிறந்தான். மறு ஆண்டு பிரபு வேறொரு பெண்ணை மணந்தார். அம்மணத்தில் மக்கட்பேறு வாய்க்கவில்லை. திருமணத்திற்கு வெளியே பிறந்த பிள்ளை தந்தையின் பட்டத்திற்கு உரியவனாக அந்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. தம் பெயரை முழுமையாகத் தர இயலாத மகனுக்குத் தம் அறிவையும் அனுபவத்தையும் தந்துவிட வேண்டும் என்ற தவிப்பிலிருந்தே இந்த மடல்கள் பிறந்தன. இதை மறந்துவிட்டு நூலுக்குள் போகிறவர்களுக்கு அவருடைய அவசரம் விளங்காது.

மகனுக்கு ஐந்து வயதாகும்போது, 1737-ல், மடல்கள் தொடங்குகின்றன. சில ஆங்கிலத்தில், பல பிரெஞ்சு மொழியில். ரோமாபுரியின் வரலாறு, நாடுகளின் அமைப்பு, பழங்கதைகள், பேச்சுக்கலை எனப் பாடங்கள் நீள்கின்றன. அரசுப் பணிகளுக்கிடையே, சிறுவன் ஒருவனுக்காக உட்கார்ந்து பாடம் எழுதிய பிரபுக்கள் அக்காலத்தில் அரிது. இந்த மடல்களில் பொறுமையும் இருக்கிறது, விளையாட்டும் இருக்கிறது.

பையன் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியை விட்டு, வால்ட்டர் ஹார்ட் என்னும் ஆசிரியரின் துணையோடு 1746-ல் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் புறப்பட்டபோதுதான் நூலின் பெரும்பகுதி தொடங்குகிறது. லோசான், லைப்சிக், வியன்னா, வெனிஸ், ரோம், டுரின், பாரிஸ் என்று ஊர் ஊராகச் சென்றவனைத் தந்தையின் கடிதங்கள் துரத்திக்கொண்டே சென்றன. 1746 அக்டோபரில் எழுதிய மடல் ஒன்று நினைவில் நிற்பது. ஹைடல்பர்க்கிலிருந்து சுவிட்சர்லாந்து எல்லை நோக்கிச் சென்ற வழியில் வண்டி முறிந்து, வைக்கோலில் படுத்து, கறுத்த ரொட்டியைத் தின்ன நேர்ந்ததாகப் பையன் எழுதியிருக்கிறான். தந்தை இரக்கப்படவில்லை. வாழ்க்கை என்னும் நெடும்பயணத்தில் இனி வரப்போகும் தொல்லைகளுக்கு இது முன்பயிற்சி என்கிறார். அப்பயணத்தில் உன்னைச் சுமந்து செல்லும் வண்டி உன் அறிவே, அதைப் பழுது பார்த்து வைத்துக்கொள் என்கிறார். பதினான்கு வயதுப் பையனின் புலம்பலை எடுத்து, அவன் அறியாமலே அவனுக்கு ஒரு பாடமாகத் திருப்பித் தரும் இக்கலை எளிதில் வாய்ப்பதன்று.

நேரத்தைப் பற்றி அவர் எழுதியவை தனி அழகு வாய்ந்தவை. காலைக் கடனுக்கு ஒதுங்கும் சில நிமிடங்களைக்கூட வீணாக்க மனமின்றி, இலத்தீன் கவிஞர்களின் மலிவுப் பதிப்பொன்றை வாங்கி, நாள்தோறும் இரண்டு தாள்களைக் கிழித்துச் சென்று அங்கேயே படித்து முடித்துவிட்ட மனிதர் ஒருவரைப் பற்றி அவர் முகம் கோணாமல் எழுதுகிறார். அந்தத் தாள்களின் பிந்திய கதியையும் சொல்லாமல் விடவில்லை! பெரிய மனிதர் எழுதும் அறவுரை எப்போதும் உயர்ந்த பீடத்திலிருந்தே வரவேண்டும் என்று நினைக்கும் நம் எழுத்தாளர்கள் இந்த இடத்தைப் படிக்கவேண்டும். அவருடைய உரைநடையில் அணி அலங்காரம் கிடையாது. கூடத்தில் எதிரே உட்கார்ந்து பேசுகின்ற குரல் அது. ‘தி வேர்ல்டு’ என்னும் இதழில் அவர் எழுதிய கட்டுரைகளில்கூட இந்த உயிர்ப்பு இல்லை. அச்சுக்கென எழுதியபோது கட்டுரையாளராக இருந்தவர், அச்சை எண்ணாமல் எழுதியபோதுதான் இலக்கிய ஆசிரியரானார்.

ஆயினும் இந்த இனிய குரலுக்குள் மற்றொன்றும் ஒலிக்கிறது. லைப்சிக் நகருக்கு மகன் செல்லவிருக்கும்போது, அங்கே கண்ணுக்குப் புலப்படாத நூறு ஒற்றர்கள் உன்னைச் சூழ்ந்திருப்பார்கள், நீ செய்வதெல்லாம் என் காதுக்கு வந்துவிடும் என்று எழுதுகிறார். இது வேடிக்கைப் பேச்சு மட்டுமன்று. ஒவ்வோர் ஊரிலும் தமக்கு வேண்டியவர்களிடமிருந்து மகனைப் பற்றிய செய்திகளை அவர் மெய்யாகவே வரவழைத்துக்கொண்டிருந்தார். எழுத்துப் பிழைக்கும் கண்டனம் உண்டு. ஒரு சொல்லில் ஓரெழுத்தை விட்டு எழுதிவிட்ட கனவான் ஒருவர், அந்த ஏளனத்திலிருந்து வாழ்நாள் முழுவதும் மீளவில்லை என்று பதினெட்டு வயது மகனை அச்சுறுத்துகிறார். கையெழுத்து, நிற்கும் தோரணை, உணவுண்ணும் முறை, பல் துலக்குதல் ஆகிய எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. அறிவு தெளிந்த நாள் முதல் தாம் வாய்விட்டுச் சிரித்ததை எவரும் கேட்டதில்லை என்று பெருமையோடு கூறி, மகனும் புன்முறுவலோடு நின்றுகொள்ள வேண்டும் என்கிறார்.

பிலிப் படிப்பாளி, நல்ல மனத்தினன், ஆனால் அவைக்கூச்சம் உடையவன். அவனுக்குத் துணையாக அமர்ந்த ஹார்ட்டும் ஏட்டறிவில் ஆழ்ந்தவரேயன்றி அவைநடை பழகியவரல்லர். தந்தை கேட்டதோ நளினம். திரும்பத் திரும்ப, ஏறத்தாழ ஒவ்வொரு மடலிலும், நளினம். பேசும் பொருளைவிடப் பேசும் முறையே வெல்லும் என்பதற்கு அவர் தம் வாழ்விலிருந்தே சான்று தருகிறார். இங்கிலாந்தின் பஞ்சாங்கத்தைத் திருத்தும் மசோதாவை 1751-ல் பிரபுக்கள் சபையில் கொண்டுவந்தவர் அவரே. 1752 செப்டம்பர் 2-ஆம் தேதிக்கு மறுநாள் செப்டம்பர் 14 என்று ஆக்கியது அச்சட்டம். அதற்கு வேண்டிய வானநூல் தமக்குச் சற்றும் தெரியாது என்றும், சொல்லழகாலும் குரல் ஏற்ற இறக்கத்தாலும் சபையை மயக்கினேன் என்றும், கணித மேதையான மாக்கிள்ஸ்ஃபீல்டு பிரபு உண்மையான அறிவோடு பேசியும் பாராட்டு எனக்கே வந்தது என்றும் மகனுக்கு எழுதுகிறார். அது நியாயமற்ற பாராட்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. தம் வெற்றியின் உள்ளீடின்மையை இவ்வளவு திறந்த மனத்தோடு கூறுகிறவர், அதையே மகன் பின்பற்றவேண்டிய வழியாகவும் காட்டுவது வியப்புக்குரியது. அறிவோடு நளினமும் வேண்டும் என்பதை எவரும் ஏற்பர். அறிவில்லாவிடினும் நளினம் போதும் என்று ஒரு பதினெட்டு வயது இளைஞன் அதிலிருந்து புரிந்துகொண்டால் யாரைக் குறை சொல்வது?

பெண்களைப் பற்றி அவர் எழுதியவற்றை மழுப்பிச் சொல்வதில் பயனில்லை. அவர்களை வளர்ந்த குழந்தைகளாகக் கருதி முகத்துதியால் ஆளலாம் என்கிறார். பாரிஸில் நாகரிகம் பழகுவதற்கு உயர்குலப் பெண்களின், அதிலும் மணமான பெண்களின், நெருக்கமே சிறந்த பள்ளி என்று பெற்ற மகனுக்கே பரிந்துரைக்கிறார். குடும்பம் என்பதை மதிக்கின்ற எவரும் இப்பக்கங்களை வெறுப்பின்றிப் படிக்க இயலாது. அக்கால வழக்கம் அது என்று சிலர் சமாதானம் கூறுவர். அக்காலத்தவரான சாமுவேல் ஜான்சனே இந்நூலின் ஒழுக்கத்தைக் கடுமொழியால் சாடினார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். ஜான்சனுக்குப் பிரபுவின்மேல் பழைய மனத்தாங்கல் இருந்தது உண்மையே. தம் அகராதிப் பணியின் இன்னல் மிகுந்த ஆண்டுகளில் உதவாமல், பணி முடியும் தறுவாயில் புகழுரையோடு வந்த புரவலருக்கு 1755-ல் அவர் எழுதிய மறுப்புக் கடிதம் உலகறிந்தது. ஆனால் அதே ஜான்சன், ஒழுக்கக் கேடான பகுதிகளை நீக்கிவிட்டால் இளைஞர் கையில் தரத்தக்க நூல் இது என்றும் பின்னர்க் கூறியதாக பாஸ்வெல் எழுதுகிறார். என் கருத்தில் இப்பகுதிகளின் பெருங்குற்றம் மற்றொன்று. அத்தகைய உறவொன்றில் பிறந்ததன் விலையைத் தன் வாழ்நாளெல்லாம் செலுத்திக்கொண்டிருந்தவன் அந்த மகன். அவனிடமே தந்தை இதைக் கூறுகிறார். கூறுகையில் அவருக்கு அது உறுத்தவேயில்லை.

மகன் எழுதிய பதில்கள் இந்நூலில் இல்லை. தந்தையின் மறுமொழியிலிருந்து மகன் என்ன எழுதியிருப்பான் என்று நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பதில் தாமதமானதைப் பற்றிய குறை, பதில் சுருக்கமாக இருந்ததைப் பற்றிய குறை, அன்றாடச் செய்திகளை விவரமாக எழுதக்கூடாதா என்ற ஏக்கம் ஆகியவை அடிக்கடி வருகின்றன. கப்பலேறிச் சென்ற வாப்பாவைக் கடிதத்தில் மட்டுமே அறிந்து வளர்ந்தவர்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். புத்திமதி நிறைந்த மடலுக்குப் பதில் எழுதுவது எவ்வளவு கடினம் என்பதை அவர்கள் அறிவார்கள். “நலம், நலமறிய ஆவல்” என்று தொடங்கி, கேட்டவற்றிற்கெல்லாம் “ஆம்” என்று எழுதி, எழுத விரும்பியதை எழுதாமலே மடித்து உறையில் இடும் பிள்ளையைத்தான் நான் பிலிப்பிடம் காண்கிறேன்.

மடல்களின் விளிச்சொல்லில் ஒரு மாற்றம் நிகழ்வதைத் தேதி வரிசையில் படிப்பவர் கவனிப்பர். சிறுவனாக இருந்தவரை “அன்புப் பையா” என்று அழைத்தவர், அவன் இளைஞனான பின் “என் அருமை நண்பா” என்று மாற்றிக்கொண்டார். உன்னைத் தந்தையாக அதட்டேன், நண்பனாகவே பேசுவேன் என்று அவர் பலமுறை உறுதி கூறுகிறார். அவ்வுறுதியில் பொய் இல்லை. ஆனால் விளிச்சொல் மாறிய பின்னும் அதன்கீழ் இருந்த அறிவுரைப் பட்டியல் நீண்ட காலம் மாறவில்லை. நண்பன் என்று அழைக்கப்பட்டவன் அதை எவ்வளவு நம்பினான் என்பது பின்னால் தெரியவருகிறது.

1754-ல் பிலிப் பாராளுமன்ற உறுப்பினனானான். அவனுடைய கன்னிப் பேச்சு இடையில் தடுமாறி நின்றது. பதினேழு ஆண்டுப் பயிற்சியின் இலக்கு அந்த ஒரு மாலையில் தவறிப்போயிற்று. பின்னர் ஹாம்பர்க்கிலும், 1763 முதல் ரேகன்ஸ்பர்க், டிரெஸ்டன் ஆகிய ஜெர்மானிய நகரங்களிலும் அவன் தூதரகப் பணிகளில் இருந்தான். யாவும் இரண்டாந்தரப் பதவிகள். இக்காலத்து மடல்களே நூலின் சிறந்த பகுதி என்பேன். தொகுப்பாளர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவதும் இப்பகுதியைத்தான். நளினம் என்ற சொல் அருகி மறைகிறது. காது கேளாமற்போன முதியவர் ஒருவர் சபையையும் கூட்டத்தையும் விட்டு ஒதுங்கி, தோட்டத்தையும் நூலகத்தையும் துணையாகக் கொண்டு, மூட்டுவலியைப் பற்றியும் மருந்து நீரூற்றுகளைப் பற்றியும் லண்டன் அரசியல் வதந்திகளைப் பற்றியும் எழுதுகிறார். இருவருமே நோயாளிகள். ஒருவர் உடல்நிலையை மற்றவர் விசாரித்துக்கொள்கிறார்கள். இப்போதுதான் “நண்பா” என்ற சொல் தன் பொருளைப் பெறுகிறது. 1768 அக்டோபரில், தன் உடலில் நீர் கோத்துக்கொள்வதாக மகன் எழுதியதற்கு, அந்நோய் இப்படித் திடீரென்று வருவதில்லை, துன்பத்தில் இருப்பவர்கள் தம் நிலையை மிகைப்படுத்தியே எண்ணுவார்கள் என்று தமக்கும் அவனுக்கும் ஆறுதல் கூறிக்கொள்கிறார். நவம்பர் 16-ல் பிரான்சு நாட்டின் அவிஞ்ஞோன் நகரில் பிலிப் இறந்தான். வயது முப்பத்தாறு. தந்தைக்கு எழுபத்து நான்கு.

அதன் பிறகே அந்த முதியவருக்குத் தெரியவந்தது, மகன் மணமானவன் என்பது. யூஜீனியா என்னும் பெண்ணை அவன் இரகசியமாக மணந்து குடும்பம் நடத்தியிருந்தான். இரண்டு ஆண் குழந்தைகளும் இருந்தன. நானூறுக்கு மேற்பட்ட மடல்களை எழுதிய தந்தை, நூறு ஒற்றர்களை வைத்திருப்பதாகக் கூறிய தந்தை, மகனுக்கு நண்பனாயிருக்க விரும்பிய தந்தை, அவனுடைய வாழ்வின் மிகப் பெரிய செய்தியை அறியாமலிருந்தார். பிலிப் ஏன் சொல்லவில்லை? அவள் செல்வமோ குலப்பெருமையோ உடையவளல்லள் என்பது ஒரு விடை. ஆனால் தொகுதி முழுவதையும் படித்தவருக்கு அந்த விடை போதாது. ஒரு சொல்லில் ஓரெழுத்து விடுபட்டால் கண்டிக்கும் தந்தையிடம், இவ்வளவு பெரிய ‘பிழை’யை எப்படி எழுதுவது என்று அவன் ஒவ்வொரு முறையும் பேனாவைக் கீழே வைத்திருக்கக்கூடும்.

இதன்பின் வரும் சில மடல்களுக்காகவே செஸ்டர்ஃபீல்டை நான் மன்னிக்க விரும்புகிறேன். மருமகளுக்கு அவர் சினமின்றி எழுதுகிறார். கணவனின் விருப்பப்படியே அவனை அடக்கம் செய்தது முறைதான் என்று அவள் பக்கம் நின்று பேசுகிறார். பேரப்பிள்ளைகளின் படிப்புப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார். கண்ணழற்சியால் தாமே எழுத முடியாமல் பிறர் கையால் எழுதுவிக்கும் நிலையிலும் அவர்களைப் பற்றி விசாரிக்கிறார். அச்சிறுவர் இருவரும் எழுதிய கடிதங்கள் கிடைத்தபோது, இவ்வளவு அழகாக எழுதப்பட்ட கடிதங்களைத் தாம் கண்டதில்லை என்று பாராட்டுகிறார். இதே மனிதர் அவர்களுடைய தந்தையின் கையெழுத்தைப் பற்றி என்னவெல்லாம் எழுதினார் என்பதை நாம் சில நூறு பக்கங்களுக்கு முன்னேதான் படித்திருக்கிறோம்.

1773 மார்ச்சில் பிரபு காலமானார். உயிலில் பேரர்களுக்கு வழிசெய்திருந்தார். யூஜீனியாவுக்கு ஒன்றும் இல்லை. அவள் தன்னிடமிருந்த மடல்களை டாட்ஸ்லி என்னும் பதிப்பாளருக்கு 1,500 கினிக்கு விற்றாள். பிரபுவின் உயில் பொறுப்பாளர்கள் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடையும் பெற்றார்கள். கடிதத்தின் தாள் பெற்றவருக்கு உரியது, அதை வெளியிடும் உரிமை எழுதியவருக்கு உரியது என்று 1741-ல் கவிஞர் போப் தொடுத்த வழக்கிலேயே நீதிமன்றம் கூறியிருந்தது. இறுதியில் இரு தரப்பும் இணங்கியதால் நூல் வெளிவந்தது. யூஜீனியாவைப் பேராசைக்காரியாகச் சித்தரிப்பவர்கள் உண்டு. கணவனின் குடும்பத்தில் அவன் உயிரோடிருந்த நாளெல்லாம் இல்லாதவளாகவே வைக்கப்பட்டிருந்த ஒரு கைம்பெண், தன் கையில் எஞ்சிய ஒரே சொத்தை விற்றாள். அவளுக்கு வேறு வழி என்ன இருந்தது? அவள் விற்றிராவிடில் அம்மடல்கள் அழிந்துமிருக்கலாம். செஸ்டர்ஃபீல்டும் ஜான்சன் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாக நின்றிருப்பார்.

மறு ஆண்டே டிரஸ்லர் என்னும் பாதிரியார் மடல்களைப் பிழிந்து நன்னடத்தைக் கையேடாக ஆக்கினார். அது பல பதிப்புகள் கண்டது. டிக்கன்ஸ் 1841-ல் தம் ‘பார்னபி ரட்ஜ்’ நாவலில் பிரபுவின் சாயலில் ஓர் உள்ளீடற்ற கனவானைப் படைத்தார். போற்றியவர்கள் சாற்றை எடுத்துக்கொண்டார்கள், தூற்றியவர்கள் சக்கையை எடுத்துக்கொண்டார்கள். பிலிப்பைப் பற்றி இரு சாராருமே கவலைப்படவில்லை.

இந்நூலைத் தமிழில் கொண்டுவர எவரேனும் முன்வருவாராயின், அவரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நேரத்தின் அருமை, நட்பின் இலக்கணம் என்று தலைப்பிட்டுப் பிரித்து அடுக்கவேண்டாம். ஐம்பது மடல்கள் போதும். ஆனால் தேதியோடும் ஊரோடும், வரிசை குலையாமல் இருக்கட்டும். பாரிஸ் மடல்களில் இரண்டேனும் அவற்றின் அழுக்கோடு இடம்பெறட்டும்; மறைத்துவிட்டால் மகனின் நிலை விளங்காது. 1768 அக்டோபர் மடலோடு முடித்துவிடாமல், அதன்பின் யூஜீனியாவுக்கு எழுதியவையும் பேரர் இருவருக்கும் எழுதியதும் கட்டாயம் சேர்க்கப்படவேண்டும். மகனின் பதில்கள் இருக்கவேண்டிய இடங்களை விளக்கக் குறிப்புகளால் நிரப்பாமல் அப்படியே வெறுமையாக விட்டுவிடலாம்.